ஆள்காட்டி விரல்

ஜனவரி 9

மேனேஜரின் அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் இங்கே இருக்கிறோம். சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் பேசினால் இரண்டு பேரும் கத்திவிடுகிறோம், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நீங்கள் வைத்த பட்டப்பெயருக்குக் குறைவில்லாமல் நம் பெண் இன்னும் மேனேஜராகத்தான் இருக்கிறாள். இருபத்திரண்டு வயதாகியும் வாயில் ஒரு வார்த்தை இல்லை. ஆனால் தாகம் எடுத்தால் என் கையைப் பிடித்துக்கொண்டுபோய்த் தண்ணீர் ஜாடியில் வைக்கிறாள். புழுக்கமாக இருந்தால் ஃபேன் சுவிட்சில் வைக்கிறாள். வேலையெல்லாம் என் கை, உத்தரவு மட்டும் அவளுடையது.

ஒரு வாரமாகச் சாப்பாட்டைத் தள்ளுகிறாள். இடது கன்னம் வீங்கியிருக்கிறது. மூன்று பல் கிளினிக் அலைந்துவிட்டேன். ஒன்று மாடியில், பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இன்னொன்றில் அவள் போட்ட சத்தத்துக்கு, "மத்தவங்க பயப்படுறாங்க, கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்றார்கள். வெளியே நின்றோம், யாரும் கூப்பிடவே இல்லை. மூன்றாவது டாக்டர் வாயைக்கூடப் பார்க்காமல், "நாலு ஆளைக் கூட்டிட்டு வந்து அமுக்கிப் பிடிங்க, பார்க்கலாம்" என்றார். அமுக்கிப் பிடிக்க அவள் என்ன மூட்டையா?

நாலு ஆளுக்கு நான் எங்கே போவேன்? இருந்ததே ஒரு ஆள். ஒரு நடை வந்துவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா

ஜனவரி 18

மேனேஜரின் அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. படித்துவிட்டு வேலைக்குப் போனேன், வந்து திரும்பவும் படித்தேன்.

எனக்கு ஒரு குறையும் இல்லை. லேத் பட்டறைக்கு மேலேயே ரூம். கீழே மெஷின் ஓடுகிறவரை நன்றாகத்தான் இருக்கிறது, நின்றால்தான் காது அடைத்துப்போகிறது. ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பேச ஆள் கிடையாது. போன வாரம் சவரம் பண்ணும்போது கண்ணாடியைப் பார்த்து, "என்னய்யா, சாப்பிட்டியா?" என்று கேட்டேன். சிரிக்காதே.

நான் எப்படி வருவேன், சொல்லு. ஊரிலுள்ள எல்லாரையும் கைபிடித்து வேலை வாங்குகிறவள், என் கையை மட்டும் வாய்க்குக் கொண்டுபோகிறாள். செருப்பைக் கழற்றுவதற்குள் ஓடிவந்து விரலைப் பிடித்து இழுப்பாள். கடைசியாகக் கடித்த கடியில் ஆள்காட்டி விரல் இன்னும் மரத்துக் கிடக்கிறது. மெஷினில் நிற்கிறவனுக்கு விரல்தான் சோறு. அதுகூடப் போகட்டும். பெற்ற பிள்ளைக்கே என்னைக் கண்டால் ஆகவில்லையே, அதைத்தான் தாங்க முடியவில்லை. சொந்த வீட்டில் கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு எத்தனை நாள் நடப்பது? அதனால்தான் கிளம்பினேன்.

நான் வந்தால் அவளுக்கு இன்னும் வெறிதான் ஏறும். நீயே பார்த்துக்கொள். உன்னால் முடியும்.

இப்படிக்கு,
மேனேஜரின் அப்பா

பிப்ரவரி 20

மேனேஜரின் அப்பாவுக்கு,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

ஒரு பல் டாக்டர் அம்மா கிடைத்தார். முதல் நாள் இவள் ஆட்டோவை விட்டு இறங்கவில்லை. டாக்டரே மாடியிலிருந்து இறங்கிவந்து ஆட்டோவில் இவள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அடுத்த முறை கீழே ஒரு சின்ன அறையில் பாய் விரித்து வைத்திருந்தார். வெள்ளைக் கோட்டு இல்லை. இரைகிற டியூப் லைட்டை அணைத்துவிட்டார். "இதையெல்லாம் எங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கலைம்மா, உங்க பொண்ணுகிட்டதான் கத்துக்கறேன்" என்றார்.

நேற்று டாக்டர் கையை விரித்துத் தன் மடியில் வைத்திருந்தார். நம் மேனேஜர் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு அவர் ஆள்காட்டி விரலைப் பிடித்து நேராகத் தன் வாய்க்குக் கொண்டுபோனாள். எனக்கு உயிரே போய்விட்டது. "எடுங்க டாக்டர், கடிச்சிடுவா" என்று கத்தினேன்.

அவர் எடுக்கவில்லை. "கடிக்க வரலைம்மா. காட்டுறாங்க" என்றார்.

இடது பக்கம் கீழே, கடைசிப் பல். வேரில் சீழ். இன்று நேற்று வந்ததில்லையாம், வருஷக்கணக்காக இருக்கிறதாம். "புண்ணு மேல விரல் பட்டா யாரா இருந்தாலும் வாயை இறுக்கத்தான் செய்வாங்க" என்றார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்: "வீட்ல யாராச்சும் இவங்களுக்கு முன்ன பல்லு எடுத்துவிட்டிருக்காங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏழு வயதில் அவளுடைய முதல் பால் பல்லை எடுத்தது யார்? நூல்கூடக் கட்டாமல், தினமும் வேலை முடிந்து வந்ததும் மடியில் வைத்துக்கொண்டு, விரலாலேயே ஆட்டி ஆட்டி எடுத்தது யார்? அன்று அவள் சிரித்த சிரிப்பு ஞாபகம் இருக்கிறதா?

நான் வாயில் பிரஷ்ஷைத் திணிக்கிறவள். வலிக்கிற பல்லை எடுக்கிறவர் நீங்கள். அதனால்தான் என்னிடம் வராமல் உங்களிடம் வந்திருக்கிறாள். அவள் உங்களைக் கடிக்க வரவில்லை. தண்ணீருக்கும் ஃபேனுக்கும் என்னைக் கூப்பிடுகிற மாதிரி, பல்லுக்கு உங்களைக் கூப்பிட்டிருக்கிறாள். நாம்தான் பிடிவாதம், வெறி என்று என்னென்னவோ சொன்னோம்.

மார்ச் 12ஆம் தேதி பெரிய ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுத்து எடுக்கப் போகிறார்கள். மாஸ்க் வைக்கிறவரை தெரிந்த கை பக்கத்தில் இருக்கட்டும் என்கிறார் டாக்டர். வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா

மார்ச் 3

மேனேஜரின் அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து வேலை ஓடவில்லை. நேற்று செய்த பீஸ் எல்லாம் வீண். முதலாளி, "என்னப்பா, உடம்பு சரியில்லையா?" என்றார். ஆமாம் என்றேன்.

கையை நீட்டிக் கேட்ட பிள்ளைக்குக் கையைப் பாக்கெட்டில் ஒளித்திருக்கிறேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு அங்கே வந்து நிற்பேன்? கொஞ்சம் டைம் கொடு. நிச்சயம் வருகிறேன்.

இப்படிக்கு,
அவள் அப்பா

மார்ச் 16

மேனேஜரின் அப்பாவுக்கு,

நான் டைம் கொடுப்பேன். பல் கொடுக்காது.

எடுத்தாகிவிட்டது. அதே மயக்கத்திலேயே சொத்தை விழுந்த மற்ற இரண்டையும் அடைத்துவிட்டார்கள். நான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மாஸ்க் வைக்கிறவரை அவள் என்னைப் பார்க்கவில்லை, கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். குத்திக்காட்டுவதற்காக எழுதவில்லை. நடந்தது உங்களுக்கும் தெரிய வேண்டும்.

இப்போது சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். டாக்டர் அம்மா புதன்கிழமை மத்தியானங்களை இவளைப் போன்றவர்களுக்கென்றே ஒதுக்கிவிட்டார். கீழ் அறையில் கூட்டமாக இருக்கிறது. சக்கர நாற்காலியில் வருகிறார்கள், காதைப் பொத்திக்கொண்டு வருகிறார்கள். கூட வருகிற அம்மாக்கள் என்னிடம், "உங்க வீட்டுக்காரர் வரலையா?" என்று கேட்கிறார்கள். வேலை என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

வீட்டில் சத்தமே இல்லை. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா

ஏப்ரல் 7

மேனேஜரின் அம்மாவுக்கு,

வீட்டிலிருந்து ரூமுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். கிளம்பும்போது உன்னிடம் ஒரு வார்த்தை பேச முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

நான் காலையிலிருந்து கையை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நீ பார்த்தாய். பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை, அதற்கு நன்றி. அவள் எதிரில் வந்து நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள், கையையும் பார்த்தாள். பிறகு உள்ளே போய் உன் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, என்னைச் சுற்றிக்கொண்டுபோய் ஃபேனைப் போட்டாள். தண்ணீருக்கும் உன்னைத்தான் கூட்டிவந்தாள். சாயங்காலம்வரை பார்த்தேன். கொண்டுபோன கையை அப்படியே திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

கோபம் இல்லை அவளுக்கு, எனக்குத் தெரிகிறது. என் பக்கத்திலேயே உட்கார்ந்துதான் சாப்பிட்டாள். இடது பக்கம் வைத்து நன்றாக மென்றாள். அப்பாவிடம் கேட்க அவளுக்கு இருந்தது அந்த ஒன்றுதான். அது முடிந்துபோய்விட்டது.

டாக்டர் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லு. யாராவது கேட்டால் வேலை என்றே சொல்லிவை.

அவளுக்கு இனிமேல் ஒரு பல்லும் வலிக்கக்கூடாது என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். முழுசாக வேண்டி முடிக்கத்தான் மனசு வரமாட்டேன் என்கிறது.

இப்படிக்கு,
அவள் அப்பா