மல்லிகை கட்டிய இடம்

இன்று காலை ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஒரு பூக்கார அம்மா ஈரச் சாக்கை என் காலடியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஸ்ரீரங்கம் பூ மார்க்கெட்டில் அப்போதுதான் எடுத்த மல்லிகை. கையால் வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டேன். மாம்பழச் சாலையிலேயே இறங்கி, காவிரிப் பாலத்தை நடந்து கடந்தேன். நான் இறங்க எழுந்தபோதே அந்த அம்மா, "என்னம்மா, மசக்கையா?" என்று கேட்டார், பாவம். மல்லிகை வாசனைக்குப் பயந்து ஒருத்தி ஓடுவாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? உனக்குத் தெரியும்.

உன் நாற்காலியில் இன்னும் யாரையும் உட்கார விடவில்லை. இடம் பற்றவில்லை என்று டிபார்ட்மென்டில் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும். அந்த மேசையில்தானே நாம் இருவரும் அந்த ஃபிலிமைச் செய்தோம். நகத்தளவு இருக்கும், வெங்காயச் சருகு மாதிரி மெல்லியது. மார்பில் கட்டி இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் தோலுக்கு அடியில் அதை வைத்துவிட்டால், உள்ளே இருக்கும் மருந்து வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து அங்கேயே வேலை செய்ய வேண்டும். பிறகு ஃபிலிம் தானாகக் கரைந்துவிட வேண்டும். இதற்கு ஏன் இவ்வளவு பாடு, கீமோதான் இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு நீ ஒரே பதில்தான் வைத்திருந்தாய். "ஒரு வீட்ல பல்பு ஃபியூஸ் போனதுக்கு ஊருக்கேவா கரன்ட்ட நிறுத்துவாங்க?" நம் வேலையைச் சோதிக்க வந்த பெரிய மனிதர்களிடமும் முகத்தை ஆடாமல் அசையாமல் வைத்துக்கொண்டு இதையே சொன்னாய். அவர்கள் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள்.

பிள்ளைப்பேறு விடுப்பு முடிந்து நீ திரும்பி வந்த நாட்கள் நினைவிருக்கிறது. பகலெல்லாம் பால் கட்டிக்கொண்டு வலிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு கருவி முன்னால் உட்கார்ந்திருப்பாய். குழந்தைக்குப் பல் முளைத்துக் கடிக்க ஆரம்பித்ததும் பாலை நிறுத்திவிடலாம் என்று முடிவு செய்தாய். உன் மாமியார் வழக்கப்படி மல்லிகைச் சரத்தை மார்பில் வைத்துக் கட்டச் சொன்னார். "எங்க தெருவுல வர்ற பூ மத்தியானத்துக்குள்ள வாடிடுது, நீதான் ஸ்ரீரங்கத்துலேர்ந்து வர்றியே, வாங்கிட்டு வாடி" என்று என்னிடம் சொன்னாய். வாங்கி வந்தேன். லேபுக்குப் பின்னால் இருந்த ஸ்டோர் ரூமில் நின்று துப்பட்டாவை விலக்கி, சரத்தைச் சுருட்டி உள்ளே வைத்து, துணியால் இறுக்கிக் கட்டிவிட்டேன். நீ குனிந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாய்.

"நம்ம ஃபிலிம அந்தக் காலத்துலயே கண்டுபிடிச்சிட்டாங்கடி. மெதுவா விடுது, அந்த இடத்துலயே விடுது. இதுக்கு நாம ரெண்டு பேரும் வேற மண்டைய ஒடச்சுக்கறோம்."

பூ தன் வேலையைச் செய்தது. பால் வற்றியது. இடது பக்கம் மட்டும் ஒரு கட்டி அப்படியே நின்றது. பால் கட்டினது இறுகிப்போய்க் கிடக்கிறது, கரைந்துவிடும் என்றாய். உன் மாமியார் அப்படிச் சொன்னால் நான் ஒன்றும் நினைத்திருக்க மாட்டேன். நீ சொன்னாய். காலையிலிருந்து மாலை வரை மார்புக் கட்டியைப் பற்றியே படித்து, எழுதி, சோதனை எலிகளின் மார்பைத் தடவிப் பார்த்து அளவெடுத்த நீ! ஸ்கேன் எடு என்றேன். பெருநாள் முடியட்டும் என்றாய். பெருநாள் முடிந்தது. துபாயிலிருந்து அண்ணன் வந்திருக்கிறார், கல்யாண வேலை தலைக்கு மேல் கிடக்கிறது என்றாய். மறுபடி கேட்டபோது எரிந்து விழுந்தாய். "எலியப் பாத்துப் பாத்து உனக்கு எல்லாமே கட்டியாத் தெரியுது" என்றாய். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. செத்தவர்கள் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். நான் படுவேன். உன் மேல் படாமல் வேறு யார் மேல் படுவது?

கண்டுபிடித்தபோது அது கல்லீரலுக்குப் போயிருந்தது.

ஆஸ்பத்திரியில் கீமோ ஏறிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் என் கையைப் பிடித்தாய். தலையில் முக்காடு நிற்காமல் வழுக்கி வழுக்கி விழுந்துகொண்டிருந்தது. உள்ளே முடி இல்லை.

"நம்ம ஃபிலிம வெச்சு விடேன்டி. நான் செஞ்சதுதானே, எனக்கு நம்பிக்கை இருக்கு."

"எலிக்கே இன்னும் முடிக்கலடி."

"நானும் எலின்னு நெனச்சுக்கோ."

நழுவிய முக்காட்டை இழுத்துவிட்டேன். பரவிவிட்ட நோய்க்கு அந்த இடத்திலேயே நிற்கும் மருந்து எதற்கு ஆகும்? அது எனக்கும் தெரியும், என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் கேட்டாய். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சும்மா கேட்டேன்" என்று கையை விட்டுவிட்டாய். அதன் பிறகு நாம் ஃபிலிமைப் பற்றிப் பேசவே இல்லை.

இன்றைக்கு உன்னிடம் சொல்ல வேண்டிய சேதி ஒன்று இருக்கிறது. கடைசிச் சுற்று முடிவு வந்துவிட்டது. நம் ஃபிலிம் வேலை செய்கிறது. ஃபிலிம் வைத்த எலிகளுக்குக் கட்டி சுருங்கிவிட்டது. முடி கொட்டவில்லை, எடை குறையவில்லை. கூண்டு முன்னால் போய் நின்றேன். ஒன்று பின்னங்காலில் எழுந்து நின்று தீனி தின்றுகொண்டிருந்தது, கொழுகொழுவென்று. டிபார்ட்மென்டில் ஸ்வீட் கொடுத்தார்கள். என்னால் அதை வாயில் போட முடியவில்லை. எலி பிழைத்துக்கொண்டது, நீ இல்லை. இதில் எனக்கு என்ன சந்தோஷம் இருக்கிறது?

சாயங்காலம் மலைக்கோட்டைக்குப் பின்னால் உன் வீட்டுக்குப் போனேன். நீ வாய்க்கு வாய் மச்சான் மச்சான் என்று உருகுவாயே, உன் வீட்டுக்காரர், அவர் கடையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். சேதியைச் சொன்னேன். தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவ முன்னாடியே வந்து காட்டியிருந்தா, இத வெச்சுக் காப்பாத்தியிருக்கலாங்களா?"

"இல்லீங்க. இது மனுஷங்களுக்கு வர இன்னும் எத்தனையோ வருஷம் ஆகும். வராமலே கூடப் போகலாம். முன்னாடியே வந்திருந்தா, இருக்கற வைத்தியத்துலயே பொழச்சிருப்பா."

சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் பொய் சொல்ல வாய் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு, டீ போடச் சொல்கிறேன் என்று எழுந்து உள்ளே போனார். நெடுநேரம் வரவில்லை.

அப்போதுதான் உன் மகள் வந்தாள். உன் முடிதான் அவளுக்கும், அதே அடங்காத சுருட்டை. இப்போதுதான் பின்னல் போடும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. கையில் ஒரு முழம் மல்லிகை. பாட்டி வாங்கிக் கொடுத்தாராம். "ஆன்ட்டி, பூ வெச்சு விடுங்க" என்று முதுகைத் திருப்பி என் மடியில் உட்கார்ந்துவிட்டாள். அந்தக் குழந்தையிடம் என்ன சொல்லி மறுப்பது? மூச்சை அடக்கிக்கொண்டு வைத்துவிட்டேன். அவள் தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறதா என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றேன்.

வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவினேன், மறுபடியும் கழுவினேன். விரலில் வாசனை அப்படியே நிற்கிறது. நீ சொன்னது சரிதான்டி. மெதுவாக விடுகிறது, அந்த இடத்திலேயே விடுகிறது.