பூசை நேரத்து மின்சாரம்

உடும்பஞ்சோலை

அன்புள்ள வனிதாவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? ஒரு வாரமாக நான் கூப்பிடாததற்கு உடம்பு காரணமல்ல, லேப்டாப்தான்.

பத்திரிகைத் தலைமை அலுவலகத்துக் கணினி மேதைகள் அதில் புதிய ஆபரேட்டிங் சிஸ்டம் ஏற்றினார்கள். நாலு மணி நேரம் நின்ற சார்ஜ் இப்போது ஒரு செய்தி அடிப்பதற்குள் தீர்கிறது. கேட்டால், "வெளிச்சத்தைக் குறைச்சு வைங்க சார்" என்கிறான் ஒருவன். "இன்னும் குறைச்சா டார்ச் அடிச்சுத்தான் படிக்கணும்" என்றேன். அதையும் புகாராக எழுதிக்கொண்டான், புத்திசாலி.

மழையால் கரண்ட் இல்லை. மாதா கோவிலில் பூசை நேரத்தில் ஜெனரேட்டர் ஓடும் என்று பக்கத்து அறை சகாயம் கூட்டிப்போனார். தினமும் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து சார்ஜ் ஏற்றுகிறேன். "சார் ஞானஸ்நானம் வாங்கிருவாரு போலயே" என்று கேலி செய்கிறார். அங்கிருப்பது ஒரே பிளக். லேப்டாப்புக்கு நெட் கொடுத்தே போன் செத்துவிடுகிறது.

பீரோ மேலிருக்கும் பழைய லேப்டாப்பை பஸ்ஸில் கொடுத்தனுப்பு. அதில் எந்த மேதையும் கை வைக்கவில்லை. பிளக் போனுக்கும் கிடைக்கும், உன்னைக் கூப்பிடவும் சார்ஜ் மிஞ்சும்.

பூசையில் பக்கத்திலிருப்பவரைப் பார்த்துக் கைகூப்பி "சமாதானம்" சொல்கிறார்கள். நாள் முழுக்க ஒருவர் என் முகம் பார்த்துப் பேசுவது அது ஒன்றுதான்.

செய்தி எடுக்க என்னைக் கூட்டிப்போகும் ஜீப்காரர் ஹார்ன் அடிக்கிறார். சீக்கிரம் அனுப்பு.

தங்கதுரை