இரண்டாம் கை அவுரி

வாழ்க நீலாறு. வற்றாது ஓடுக அதன் நீர். மூன்றுமதில் நகரின் கோட்டைக்கும், அதன் நிழலில் வாழும் குடிகளுக்கும் நன்மை உண்டாகுக.

இவ்வோலை எழுதப்பட்டபோது வெண்மாட வாயிலில் இருந்தவர்கள்: ஓலையை எழுதும் தலைமை அமைச்சர் சேந்தன் கீரன்; அறங்கூறும் அவையத்தார் இருவர்; வாயிற்படைத் தலைவர்; சந்தையில் தலைமுடிக்குச் சாயம் பூசும் வண்ணமகளிர் கூடத்துத் தலைவி தத்தை; அந்தப்புரப் பணிப்பெண் ஏழிலி; மூத்த இளவரசி வாகையாள்; சில நாள் முன்வரை இந்நாட்டு அரசியாக இருந்த நற்கோதை மாதேவியார்.

உப்புக்கும் முத்துக்கும் உரிய தென்கழி நாட்டின் அரசி, நற்கோதை மாதேவியாரின் இளைய மகளார், ஆம்பலாள் அவர்கள் திருமுன் இது சேர்க. தங்கள் நாட்டுக் கழிகளில் மீன் பெருகுக; தங்கள் கணவரின் கொடி சாயாதிருக்க. தங்கள் தாயார் ஏன் சிறை புகுகிறார் என்று தாங்கள் தூதர் வழியாகக் கேட்டீர்கள். தக்க விடை இல்லையேல் படையுடன் வருவதாகவும் சொல்லியிருந்தீர்கள். விடை இது. இதில் இனிப்பு எதுவும் கலக்கப்படவில்லை.

முடி வெளுத்தவர் முடி தாங்கலாகாது என்பது இந்நாட்டுச் சட்டம். தாங்களும் இங்கே பிறந்தவர், அறிவீர்கள். ஆளுபவரின் நரையைக் கண்ணால் கண்ட இருவர் அவையில் சத்தியம் செய்தால் போதும். அன்றே மகுடம் இறங்கும். இறங்கியவர் வெண்மாடத்துக்குள் போக வேண்டும். அவருக்குப் பின் ஆளப்போகிறவர் தம் கையாலேயே கதவைப் பூட்ட வேண்டும். உள்ளே சோற்றுக்கு ஒரு புழையும் ஆற்றைப் பார்க்க ஒரு சாளரமும் உண்டு. பேச்சுத் துணை கிடையாது. தங்கள் பாட்டியார் அங்கேதான் முடிந்தார். அந்தக் கதவைப் பூட்டிய கை தங்கள் தாயாருடையது.

ஆகையால் நரையை முதன்முதலில் கண்ட காலையில் மாதேவியார் அஞ்சியது மகுடத்துக்காக மட்டுமல்ல. எண்ணெய் தேய்க்க உட்கார்ந்தவர் வெண்கலக் கிண்ணத்தில் தம் வகிட்டைப் பார்த்தார். அங்கே வெள்ளை ஒன்றிரண்டாக இல்லை. நாணல் பூத்ததுபோல் இருந்தது. பின்னால் நின்றிருந்த ஏழிலியும் பார்த்துவிட்டாள். சாட்சி ஒன்று ஆகிவிட்டது என்பது இருவருக்கும் தெரியும். அப்போது நடந்த பேச்சை ஏழிலி அவையில் ஒப்பித்தாள். சொன்னபடியே எழுதுகிறோம்.

"கூடத்துக்குப் போயிடலாம் தாயே. தத்தை வாயைத் திறக்க மாட்டா."

"சந்தைப் பலகையில நான் உக்காரணுமா? ஒரு பக்கம் மீன்காரி, ஒரு பக்கம் தாசி, நடுவுல நானா?"

"முக்காடு போட்டுக்கலாம்."

"நடையைக் கண்டாலே என்னைத் தெரிஞ்சுக்குவாங்கடி. வீட்டுல வச்சே முடிச்சுடு. நாலு சுவத்துக்குள்ள நடந்தா நம்மளோட போயிடும்."

இங்கேதான் மாதேவியார் தவறினார். வண்ணமகளாகச் சேருபவள் சீப்பைப் பல்லில் கடித்துச் சத்தியம் செய்கிறாள். சீப்பின் கீழே கண்டதை வெளியே சொல்ல மாட்டேன் என்பது அந்தச் சத்தியம். அவளைச் சாட்சிக்கு அழைக்க எந்த அவைக்கும் உரிமையில்லை. அந்தக் கூடத்தில் ஆயிரம் பேர் முன்னிலையில் உட்கார்ந்திருந்தாலும் அவர் முக்காட்டுக்குள் என்ன இருந்தது என்பதைச் சொல்ல ஒருவரும் கிடைத்திருக்க மாட்டார். இவ்வோலையில் முதலில் பெயர் சொல்லப்பட்டவர்களில் அவையத்தார் இருவரும் படைத்தலைவரும் அந்தப் பலகையில் உட்கார்ந்து எழுந்தவர்களே. எழுதுகிறவரும் அப்படியே. அமைச்சருக்கு நரை குற்றமில்லை. ஆயினும் கிழவன் என்று பெயரெடுக்க யாருக்கும் மனம் வருவதில்லை. மாதேவியாருக்கு இவையெல்லாம் தெரியும். தெரிந்தும், நாலு சுவரை நம்பினார்.

பக்குவம் கேட்டுவர ஏழிலியை அனுப்பினார். தன் அத்தைக்கு வேண்டும் என்று ஏழிலி கேட்டாள். தத்தை வேறொருத்தியின் தலையைச் சீவிக்கொண்டே சொன்னாள்: "முதல் கை மருதாணி. ரெண்டாம் கை அவுரி. ரெண்டாம் கை இல்லாம விட்டுராதே. உங்க அத்தை தலை தீப்பிடிச்ச கூரையாட்டம் நிக்கும்."

அரண்மனையில் கை என்றால் ஆள். சமையலில் ஒரு கை குறைகிறது என்பார்கள். பல்லக்குக்கு நாலு கை வேண்டும் என்பார்கள். ஏழிலி பிறந்ததிலிருந்து கேட்டது அந்தப் பேச்சைத்தான். மருதாணி போட்ட கை அவுரியைத் தொடக்கூடாது போலும், அதற்கு வேறு ஆள் வேண்டும் போலும் என்று அவள் எடுத்துக்கொண்டாள். மாதேவியாரும் அப்படியே எடுத்துக்கொண்டார். அரசியல் பேச்சில் ஒரு சொல்லுக்கு ஒன்பது பொருள் தேடுகிறவர், இந்தச் சொல்லுக்கு ஒன்றோடு நின்றுவிட்டார்.

ஏழிலி மருதாணியைப் போட்டாள். கழுவியபோது, காதோரம் சில இழை தவிர, வெள்ளையெல்லாம் பழுத்த மிளகாயாய்ச் சிவந்திருந்தது. மறுநாள் முடிகாட்டும் திருநாள். ஆளுபவர் கூந்தலை அவிழ்த்துவிட்டு வெயிலில் குடிகள் முன் நிற்க வேண்டிய நாள் அது. ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். நோய் என்று சொல்லித் தப்ப முடியாது. நோயாளியைக் கட்டிலோடு தூக்கிவந்து காட்டிய நாடு இது.

ஆகவே இரண்டாம் கை வேண்டியிருந்தது, அதுவும் உடனே. பணிப்பெண்களில் யாரை அழைத்தாலும் விற்றுவிடுவாள் என்று மாதேவியார் கணித்தார். கணக்கு சரிதான். பிறகு, "வாகையைக் கூப்பிடு. வயித்துல சுமந்தவகிட்ட என்ன ஒளிவு?" என்றார்.

ஏழிலி சென்று வாகையாளிடம் நடந்ததைச் சொல்லி, இரண்டாம் கை வேண்டும் என்று அழைத்தாள். வாகையாள் முதலில் சிரித்ததாகவும், ஏன் என்று கேட்டதற்கு விடை சொல்லாமல் எழுந்து வந்ததாகவும் அவள் சாட்சி சொன்னாள்.

வாகையாள் வந்து தாயின் தலையைப் பார்த்தார். காதோரம் சிவக்காமல் மிஞ்சிய வெள்ளையையும் பார்த்தார். அவுரிப் பொடியை வெந்நீரில் குழைத்தார். ஒரு சிட்டிகை உப்புப் போட்டார். குழம்பின் மேல் நீலம் படரும்வரை காத்திருந்து, அதன் பிறகே தொட்டார். வகிடு வகிடாகப் பிரித்து, வேரிலிருந்து நுனிவரை, ஒரு மயிர் விடாமல் பூசினார். மகள் இவ்வளவு பொறுமையாகத் தம்மைத் தொட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று மாதேவியார் அப்போது நினைத்தாராம். இதை அவரே அவையில் சொன்னார்.

அப்போது நடந்த பேச்சும் சாட்சியத்தில் உண்டு.

"குனிங்கம்மா. காதுல வழியுது."

"இந்தப் பக்குவமெல்லாம் எங்கடி கத்துக்கிட்டே? பேசாம நீ வண்ணமகளாவே போயிருக்கலாம்."

"நீங்க எறங்கறதுக்குள்ள அதுவும் ஆயிருப்பேன்."

மாதேவியார் அதற்குச் சிரித்தார். வாகையாளும் சிரித்தார். ஏழிலி தான் சிரிக்கவில்லை என்று சத்தியம் செய்கிறாள்.

மறுநாள் மாதேவியார் மேடையில் கூந்தலை அவிழ்த்தார். அது இரவல் வாங்கிய இளமைபோல் இடுப்புவரை கருத்து விழுந்தது. குடிகள் ஆரவாரித்தார்கள். ஆரவாரம் அடங்கியதும் வாகையாள் மேடையேறி வலது கையைத் தூக்கிக் காட்டினார். விரல்கள் நகக்கண்வரை நீலமாக இருந்தன.

"அந்தக் கருப்பு இந்தக் கை போட்டது. அடியில வெள்ளை. நான் பார்த்தேன். ஏழிலியும் பார்த்தா. அவ உள்ளங்கையை விரிச்சுக் காட்டச் சொல்லுங்க."

ஏழிலி கையை விரித்தாள். மருதாணி ஒரே நாளில் போவதில்லை. சாட்சி இரண்டாயிற்று.

அவை கூடியது. தத்தையை அழைத்தோம். அவள் கண்டதைக் கேட்க உரிமையில்லை. ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்கத் தடையில்லை. இரண்டாம் கை என்றால் என்ன என்று கேட்கப்பட்டது.

"பூச்சுங்க. முதல் தடவை பூசறது முதல் கை. அதுமேல பூசறது ரெண்டாம் கை. ஒருத்தியே ரெண்டையும் போடலாமே? எங்க கூடத்துல எல்லாரும் அப்படித்தான் போடறோம். இதுல ஆள் எங்கேருந்து வந்தது?"

அவையில் சிலர் சிரித்துவிட்டார்கள். மாதேவியாரும் சிரித்தார், எல்லாரும் நிறுத்திய பின்னும் அவர் சிரிப்பு நிற்கச் சற்று நேரமாயிற்று. பிறகு மகளைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமா இது?"

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் வந்தே?"

"நீங்க கூப்பிட்டீங்க."

அந்த விடைக்குப் பிறகுதான் மாதேவியார் தாம் கண்ட ஒன்றைச் சொன்னார். குனிந்திருந்தபோது எதிரே நீர்த்தாம்பாளம் இருந்தது. அதில் தமக்கு மேலே கவிந்திருந்த மகளின் வகிடு தெரிந்தது. வேரில் அரை விரற்கடை வெள்ளை. அதற்கு மேல் பழைய பூச்சின் கருப்பு. உப்புக் கணக்கும் நீலம் படரும் பதமும் மகளுக்கு எப்படித் தெரியும் என்பது அப்போதே விளங்கியதாம். தாய் இன்னும் சில ஆண்டு ஆண்டால் மகள் முடிசூடும் தகுதியை இழப்பாள், மகள் முந்திக்கொண்டாள். அதை விளங்கிக்கொண்ட பின்னும் அவர் தலையை நிமிர்த்தவில்லை. பூச்சு பாதியில் இருந்தது.

மாதேவியார் தத்தையிடம் திரும்பி, வாகையாள் கூடத்துக்கு வந்தது உண்டா என்று கேட்டார்.

"சீப்பைக் கடிச்சவ நான், தாயே" என்றாள் தத்தை.

வாகையாள் தலைச்சீலையைச் சற்று முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டார். ஒரு கண் கண்டது சாட்சியாகாது என்று அவையத்தார் தீர்ப்பு எழுதினர். எழுத்தில் பிழையில்லை.

இனி, ஆம்பலாள் அவர்களுக்கு இந்நாடு இடும் கட்டளை. தாங்கள் படையுடனும் வரலாகாது, தனியாகவும் வரலாகாது. காரணத்தை மறைக்க விரும்பவில்லை. தாங்கள் வந்தால் தமக்கையைத் தழுவுவீர்கள். தழுவினால் வகிட்டைப் பார்ப்பீர்கள். பார்த்தால் தங்கள் தாயாரோடு சேர்ந்து சாட்சி இரண்டாகும். அதன்பின் இந்நாட்டில் முடிசூடத் தலை இராது. மணமாகி வேற்று நாடு போனவருக்கு இங்கே உரிமை இல்லை. தலையில்லாத நாட்டை ஆற்றின் மறுகரைப் பகைவரான வடகரையார் அறுவடைக்குக் காத்திருக்க மாட்டார்கள், பயிரோடு எடுத்துக்கொள்வார்கள். சட்டம் இப்படி இருக்கலாமா என்று தாங்கள் கேட்கலாம். அதை மாற்றும் அதிகாரம் ஆளுபவர் ஒருவருக்கே உண்டு. மாதேவியார் தம் தலை கருத்திருந்தவரை மாற்றவில்லை. வாகையாளும் மாற்றமாட்டார்.

உள்ளே போகிறவரின் கடைசிச் சொல்லை வெளியூரில் உள்ள பிள்ளைகளுக்குக் கூட்டாமல் குறைக்காமல் அனுப்ப வேண்டும் என்பதும் சட்டம். ஆகையால்தான் இத்தனையும் எழுதப்பட்டது. தங்களுக்கென்று மாதேவியார் சொன்னது இவ்வளவே: "நரைச்சா நரைச்சபடி இருன்னு சொல்லு. அந்த நாட்டுல அது குத்தமில்லை. ஆசைப்பட்டா கூடத்துக்குப் போகச் சொல்லு. மீன்காரி பக்கத்துல உக்காந்தா ஒண்ணும் குறைஞ்சிடாது. வீட்டுல மட்டும் வேணாம்."

பூட்டின் ஓசை கேட்ட பிறகே இவ்வோலையில் முத்திரை விழ வேண்டும். அரக்கு உருகிக்கொண்டிருக்கிறது. நீலாற்று முத்திரை தாங்கி வரும் இவ்வோலையைத் தலைமேற்கொண்டு, இதன்படி ஒழுகுக.

இப்போது மாதேவியார் படியேறுகிறார். அவரிடம் மகுடம் இல்லை, அணிகள் இல்லை. கூந்தல் மட்டும் குற்றம் சொல்ல முடியாத கருப்பாக இருக்கிறது. ஏழிலி அழுகிறாள், அவளை விலக்கியாயிற்று. வாகையாள் சாவியுடன் நிற்கிறார். விரல்களில் நீலம் இன்னும் போகவில்லை. மாதேவியார் வாயிற்படியைக் கடந்து உள்ளே நின்று, திரும்பி, அந்த விரல்களைப் பார்த்துச் சொன்னார்:

"ஒரு சுத்துக்குப் பிடிக்காதுடி. ரெண்டாவது சுத்தும் சுத்து. எனக்குத் தெரியும்."

வாகையாள் கதவைச் சாத்தினார். முதல் சுற்றில் பூட்டு பிடிக்கவில்லை. இரண்டாம் சுற்றில் பிடித்தது.