ஓவியத்தின் முன்னால் உட்கார மறுத்த அக்காவுக்கு

என் பிரியமான மரியா அக்கா,

நொஷாட்டல் ஏரியில் குளிர்காற்று தொடங்கிவிட்டது. நீங்கள் கண்மூடி ஏழு மாதம். இன்னும் கோப்பி போடும்போது இரண்டு கோப்பையை எடுத்து வைத்துவிடுகிறேன்.

நாங்கள் இருவரும் அருங்காட்சியகம் துப்புரவாக்கிய திங்கட்கிழமைகள் நினைவிருக்கிறதா? பார்வையாளர் வராத நாள். மாடியில் அந்தப் பெரிய ஓவியம், ஏதோவொரு கிழக்கு நாட்டு வீட்டின் உள்ளறை. மரச்சல்லடை ஜன்னலால் விழும் வெயில், கம்பளத்தில் சாய்ந்திருக்கும் பெண்கள், ஓரமாய்த் தட்டோடு நிற்கும் ஒருத்தி. நான் அதன் நிறங்களில் மயங்கி நிற்பேன். நீங்கள் தட்டோடு நிற்பவளையே பார்ப்பீர்கள். "எவ்வளவு நேரமா நிக்கிறாளோ, பாவம்."

வரைந்தவர் அப்படியொரு வீட்டுக்குள் கால்வைத்ததே இல்லை, பாரிஸில் தன் அறையில் பெண்களைக் கூலிக்கு இருத்தி வரைந்தார் என்று அங்கே பொறுப்பாயிருந்த மதாம் ஒருநாள் சொன்னார். நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். "அப்ப இது ஆரின்ர வீடு?"

பிறகு அதே மதாம், கண்காட்சிச் சுவரொட்டிக்காக எங்கள் இருவரையும் சேலை உடுத்து அந்த ஓவியத்தின் முன்னால் சாய்ந்திருக்கக் கேட்டார். நான் உடனே ஓம் என்றேன். நீங்கள் மாட்டேன் என்றீர்கள். வேலை போய்விடும், வதிவிடப் பெர்மிட்டும் சிக்கலாகும் என்று எனக்குப் பயம்.

"ஒரு படம்தானே அக்கா. இருந்திட்டு எழும்புறதுக்கு என்ன?"

"மன்னாரில என்ர பிள்ளை அதைப் பாத்தால், அம்மா சுவிஸில கம்பளத்தில சாய்ஞ்சு கிடக்கிறா எண்டெல்லோ நினைக்கும். நீ போய் இரு. ஆர் என்ன சொன்னாலும் தலையாட்டுற ஆள்தானே நீ."

அந்தச் சொல் சுட்டது. ஒரே அறையில் நான்கு நாட்கள் கதைக்காமல் இருந்தோம். ஐந்தாம் நாள் நீங்களே மதாமிடம் போய், தெரிந்த பிரெஞ்சில், படம் வேண்டுமென்றால் எங்கள் அறைக்கு வந்து எடுக்கச் சொன்னீர்கள். அவர் நான்கு மாடி ஏறி வந்தார். ஹீட்டரில் காயும் காலுறைகள், அலுமாரிக்கு மேல் சூட்கேசுகள், கட்டில் விளிம்பில் இருந்து கறிக்கு லீக்ஸ் அரியும் நீங்கள். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் படம் எடுத்தார். சுவரொட்டிக்கு அது உதவவில்லை. எங்கள் வேலையும் போகவில்லை.

அக்கா, உங்கள் மகள் நிர்மலா கலியாணமாகி இங்கே சுவிஸில் வில் நகருக்கு வந்துவிட்டாள். நேற்றுத் தொலைபேசியில் கேட்டாள்: "சின்னம்மா, அம்மா இஞ்ச எப்பிடி இருந்தவ?"

"உன்ர அம்மா தெய்வம், பிள்ளை" என்று தொடங்கினேன். பாதியில் நிறுத்தி, நேரில் சொல்கிறேன் என்றேன். தெய்வமென்றதை நீங்கள் கேட்டிருந்தால் சிரித்திருக்க மாட்டீர்களா?

ஞாயிறு அவளிடம் போகிறேன். உங்கள் கோபத்தையும், என்னைப் பேசிய பேச்சையும், மன்னிப்புக் கேட்கத் தெரியாத பிடிவாதத்தையும் சொல்வேன். நீங்கள் இருந்தபடியே சொல்வேன். இது சத்தியம்.

உங்களோடு சண்டை பிடித்த தங்கச்சி,
செல்வராணி