வாயை மூடிக்கொண்ட பூ

அன்பு மகள் ஹெர்லிந்தாவுக்கு,

கன்னித்தாய் புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் கழுதையும் சுகம், பிடிவாதத்தில் யார் பெரியவர் என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. அந்தப் பனி ஊரில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று ஒரு வரி இல்லை, பூவைப் பற்றி மட்டும் இரண்டு பக்கம். சரி, உன் பூவுக்கே வருகிறேன். மற்ற ஓடைகளில் எல்லாம் அழிந்துவிட்டது, நம் ஊரில் இருந்தால்தான் உண்டு என்று எழுதியிருந்தாயே, ஓடையிலிருந்து வாய்க்கால் பிரிகிற இடத்தில் ஈரக் கல்லிடுக்கில் ஒரே ஒரு செடி, இரண்டு மஞ்சள் பூ, தொண்டைக்குள் சிவப்புப் புள்ளி. நீ சொன்னபடி புல் நுனியால் உள்ளே தொட்டேன், இரண்டு சின்ன உதடும் மெல்ல மூடிக்கொண்டன. தொட்டதும் வாயை மூடுவது நம் வீட்டில் யாருக்கும் இல்லாத குணம், பார்த்து அசந்துபோனேன்.

மறுநாள் ஊர் கூடி வாய்க்கால் தூர்வாரும் நாள். ஈஸ்டருக்கு முன் தண்ணீர் விடவேண்டும், முளைத்தது எதுவானாலும் மண்வெட்டிக்குத்தான், இந்த வருடமும் மேற்பார்வை உன் அப்பா. செடிகொடி படிக்கப் போன உன்னை, களை படிக்கப் போனவள் என்று கோபித்து, நீ கிளம்பிய நாளிலிருந்து உன் பெயரையே எடுக்காத மனிதர். இருந்தாலும் உன் பூவைப் பற்றிச் சொல்லி, அந்த ஒரு செடியை மட்டும் விடும்படி கேட்டேன். தொட்டுப் பார்க்கிறேன், மூடினால் விட்டுவிடுகிறேன் என்றார். அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம். அவர் வருவதற்குள், சாப்பாடு கொண்டுவந்த பெண்களை எல்லாம் கூப்பிட்டு என் மகளுடைய பூ என்று காட்டினேன், ஆளாளுக்கு ஒரு புல்லால் குத்தினார்கள். அவர் வந்து தொட்டபோது இரண்டு பூவும் ஏற்கெனவே மூடிக் கிடந்தன, ஒன்றும் அசையவில்லை. "உன் மக சொன்ன பூ இது இல்ல" என்று ஒரே வெட்டு, செடி சேற்றோடு கரையில் போய் விழுந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. தவக்காலத்துக்கென்று செய்த கப்பிரோதாதா ரொட்டி இனிப்பில் அவர் பங்கைக் கழுதைக்கு வைத்தேன்.

காலையில் ஆளைக் காணோம். போய்ப் பார்த்தால் சேற்றுக் குவியலின் பக்கத்தில் மண்டியிட்டிருக்கிறார், கையில் ஒரு புல். பூ தானாகத் திறந்திருக்கிறது, இவர் தொட்டதும் மூடியிருக்கிறது. நான் திட்ட வாயெடுப்பதற்குள் செடியை மண்ணோடு அள்ளித் தொப்பியில் வைத்துக்கொண்டு நடந்தார், நம் வயல் மடை ஓரத்தில் நட்டு, சுற்றிலும் கல் அடுக்கினார். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "இனிமே நாங்க யாரும் தொட மாட்டோம்னு எழுது. ஹெர்லிந்தா வந்து தொட்டுப் பாக்கட்டும்."

உன் பெயரைச் சொன்னார், மகளே.

செடி வேர் பிடித்துவிட்டது. கோடை வெயில் ஏறுவதற்குள் கிளம்பி வா, அதுவரை கம்பளி இல்லாமல் வெளியே போகாதே. கடவுள் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும்.

உன் அம்மா,
எல்விரா