முன் சக்கரத்துச் சத்தம்

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் வேலைக்குப் போய்வருகிறாய் என்று நம்புகிறேன். இங்கே அம்மாவின் மணிக்கட்டைத் தவிர மற்றதெல்லாம் நலம். பதறாதே, எலும்பு முறியவில்லை, சுளுக்குத்தான். குளியலறையில் வழுக்கிவிட்டது என்று அம்மா உன்னிடம் போனில் சொன்னாள். அது பொய். என் மானத்தைக் காப்பாற்ற அவள் சொன்ன பொய், அதைக் கேட்டுக்கொண்டு நான் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நம் காரின் முன் சக்கரத்தில் ஏதோ சத்தம் வருகிறது என்று அம்மா மழைக்கு முன்பிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். உனக்குத்தான் தெரியுமே, எத்தனை பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான், ஸ்டியரிங்கே பிடிக்காதவள் எனக்குச் சத்தம் சொல்ல வந்துவிட்டாளா என்று இருந்தது. இருந்தாலும் பெரிய மனது பண்ணி, மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற காலி மைதானத்துக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போய், கண்ணாடியை எல்லாம் இறக்கிவிட்டு, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வட்டம் வட்டமாக ஓட்டினேன். ஆக்சில் ஜாயிண்ட் போயிருந்தால் திருப்பும்போது டக் டக் என்று அடிக்கும், அடிக்கவில்லை. நேர் ரோட்டில் வேகம் எடுத்துப் பார்த்தேன், பேரிங் போயிருந்தால் வண்டு மாதிரி ஊ என்று வேகத்தோடு கூடிக்கொண்டே போகும், அதுவும் இல்லை. அம்மாவோ அது ரெண்டும் இல்லைங்க, கண்ணாடியில ஆணிய வச்சுக் கீறுற மாதிரி கீச்சுன்னு இருக்கு, பிரேக்க மிதிச்சா மட்டும் நிக்குது, இப்பக்கூட கேக்குதே, உங்களுக்குக் கேக்கலையா என்றாள். இப்படிச் சொன்னால் பிரேக் பேட் தேய்ந்திருக்கிறது என்று என்னிடம் படித்த கடைசிப் பெஞ்சுக்காரன்கூடச் சொல்லிவிடுவான். எனக்குத்தான் கேட்கவில்லையே, எனக்குக் கேட்காத சத்தம் காரில் எப்படி இருக்கும்? உன் காதுல ஏதோ பூச்சி புகுந்திருக்கு போ என்று சிரித்தேன். பிறகு அவள் உட்காரும் சீட்டின் அடித்தண்டவாளத்துக்கு எண்ணெய் விட்டுவிட்டு, இப்ப சரியாப்போச்சா என்றும் கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சரியாப்போச்சு என்றாள்.

அதன் பிறகு ஒரு நாள் அம்மாவோடு காற்றுப் பிடிக்க ஒர்க்‌ஷாப்புக்குப் போனபோது மெக்கானிக் தம்பி, அவனும் என்னிடம் ஓட்டக் கற்றவன்தான், மாஸ்டர் சக்கரத்தைக் கழட்டிப் பாத்திரட்டுமா, அக்கா சத்தம்னு சொல்றாங்களே என்றான். நான் எல்லாம் பாத்தாச்சுப்பா, உங்க அக்காவுக்கு வேற வேலை இல்லை என்றேன். மாஸ்டரே சொல்லியாகிவிட்டது என்று அவனும் விட்டுவிட்டான். அம்மா அன்று வீடு வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் அவளை அழைத்துக்கொண்டு பல் டாக்டரிடம் போய்விட்டுத் திரும்பினேன், மேம்பாலத்தில் இருந்து இறங்குகிற சரிவு, நல்ல தூறல். கீழே முனையில் ஒரு பெண், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடக்கிறாள். பிரேக்கை மிதித்தேன். பெடல் காலுக்கு அடியில் கரகரவென்று நடுங்கியது, அரவை மிஷின் மேல் காலை வைத்த மாதிரி, வண்டி வேகம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. இத்தனை வருஷம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து மற்றவர்களைப் பதறாதே பதறாதே என்று சொன்ன உன் அப்பாவுக்குக் கை கால் ஓடவில்லை பாப்பா. ஹேண்ட்பிரேக்கை இழுத்தது அம்மா. வண்டி குறுக்கே திரும்பி ஓரக் கல்லில் மோதி நின்றது. அந்தப் பெண், குழந்தையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எங்களையே பார்த்தாள், திட்டக்கூட இல்லை, வெறும் தள்ளுவண்டியை ஒரு கையால் இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டாள். அப்போதுதான் அம்மா, பிரேக்கை இழுத்ததில் சுளுக்கிய கையைப் பிடித்துக்கொண்டு, கோபமே இல்லாமல், ஏங்க, நிஜமாவே உங்களுக்குக் கேக்கலையா என்று கேட்டாள். கேக்கலை என்றேன். 

மெக்கானிக் தம்பி சக்கரத்தைக் கழற்றிக் காட்டினான். பேடில் சதையே இல்லை, வெறும் இரும்பு, அது உரசி உரசி டிஸ்க் முழுக்கக் கோடு கோடாகப் பள்ளம். இது மாசக்கணக்கா கத்தியிருக்குமே மாஸ்டர் என்றான். நான் வாயைத் திறக்கும் முன்னால் அம்மா முந்திக்கொண்டு, நான்தான் தம்பி அன்னைக்கே சரியாப்போச்சுன்னு சொல்லிட்டேன், அவர் மேல தப்பில்லை என்றாள், கட்டுப் போட்ட கையோடு நின்றுகொண்டு. அதைவிட அவள் என்னை நாலு பேர் பார்க்க அறைந்திருக்கலாம். அப்போதும் நான் இல்லை என்று மறுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து நானே தனியாகப் போய் அந்தத் தம்பியிடம், என் காதுதான்பா அவுட்டு என்று சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். நானும்தான்.

காது டாக்டரிடம் போனோம். கண்ணாடி அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்குங்கள் என்றார்கள். எப்போது ஆரம்பிப்பார்களோ என்று நான் காத்துக்கொண்டே இருந்தேன், முடிந்துவிட்டது என்று அந்தப் பெண் வந்து கதவைத் திறந்தாள். கட்டைச் சத்தம் எனக்கு ஓரளவு விழுகிறதாம், கீச்சுச் சத்தம் சுத்தமாகப் போய்விட்டதாம், தாழ்ந்த குரலில் பேசினால் பாதிச் சொல் நழுவிவிடுமாம். காதில் வைக்கிற மிஷின் வந்திருக்கிறது, வீட்டுக்குள் மட்டும் மாட்டிக்கொள்கிறேன், வெளியே போகும்போது கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அதற்கும் அம்மாவிடம் திட்டு வாங்குகிறேன்.

பாப்பா, இனி எழுதப்போவதுதான் எழுதக் கை வராதது. போன மாதம் நீ எனக்கு மட்டும் போன் பண்ணி ரொம்ப நேரம் பேசினாயே, சின்னக் குரலில். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ‘அப்பா’ என்று நீ கூப்பிட்டது மட்டும் விழுந்தது. கேட்கவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு, நல்லதும்மா, ரொம்ப சந்தோஷம் என்று சொல்லிவைத்தேன்.  நீ சரிப்பா என்று வைத்துவிட்டாய். அதிலிருந்து நீ என்னிடம் பேசவில்லை. அம்மாவைச் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன், அவளுக்கு எதுவும் தெரியவில்லை. நீ என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியாதம்மா. சந்தோஷப்பட வேண்டிய விஷயம் இல்லை என்று மட்டும் அந்தச் ‘சரிப்பா’வில் இருந்து இப்போது புரிகிறது.

உன் வண்டிக்குப் பிரேக் பார்த்துக்கொள், யாராவது சத்தம் வருகிறது என்றால் நம்பு. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், அம்மாவும் நானும் அதையேதான் வேண்டிக்கொள்கிறோம். மறக்காமல் எனக்கு இதை மட்டும் செய், அன்று சொன்னதை இன்னொரு தடவை சொல். எழுதினாலும் சரி, பேசினாலும் சரி. பேசினால் மிஷினை மாட்டிக்கொண்டு உட்காருகிறேன், விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அப்பா