ஓணான் முட்டைக்குள் ஒரு கண்

ஆனி, வியாழன் இரவு. ஸ்ரீவில்லிபுத்தூர்.

இராஜபாளையம் ஆய்வகத்தில் இன்று ஓணான் முட்டை ஒன்றைப் பிரித்தேன். கருவில் கண் முதலில் நீண்டு புடைக்கும். பொறவு அது சுருங்கும்போதுதான் விழித்திரையில் கூர்மையாகப் பார்க்கிற குழி விழும். குழி விழுமுன் எடுக்கத்தான் நினைத்தேன். ஈர பேண்டேஜ் துணியில் சுற்றித் தகர அலமாரியில் வைத்தது என் தப்பு. வெக்கையில் சீக்கிரமே முற்றிவிட்டது.

ஊசியை நகர்த்தினேன். கண் அது போன பக்கமே திரும்பியது.

பக்கத்தில் நின்ற தோழி பரீதா, "ஏட்டி, அது உன்னையத்தான் பாக்குது" என்றாள்.

செத்த நேரத்தில் அது அடங்கிவிட்டது. கண் மூடவில்லை. அது பார்த்த ஒரே முகம் என்னுடையது.

அலமாரியில் இன்னும் முட்டைகள் இருக்கு. நாளைக்கு மாஸ்க் போட்டுக்கிட்டுப் பிரிக்கணும்.